இரண்டு கேமராவுக்கு ஒரு பை

போட்டோ எடுப்பது கண்ணால் செய்யும் வேலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பையைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அது தோளால் செய்யும் வேலை.

பதினான்கு வருஷமாகப் பாகூர் பக்கத்தில் விசேஷங்களுக்குப் போட்டோ எடுக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ஞானஸ்நானம், புதுமனை புகுவிழா, எதுவானாலும் போவேன். டிஜிட்டலில் எடுப்பேன், கூடவே பிலிமிலும் எடுப்பேன். இந்தக் காலத்தில் பிலிம் எதற்கு என்று கேட்டால், பிரான்சில் குடியேறிய இந்த ஊர்ப் பிள்ளைகள் விரும்பிக் கேட்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். அது பாதி உண்மை. ஒரு ரோலில் முப்பத்தாறுதான், எடுத்ததை உடனே பார்க்கவும் முடியாது என்கிற அந்த அவஸ்தை எனக்குப் பிடித்திருக்கிறது. அது மீதிப் பாதி. இரண்டும் வேண்டும் என்று ஆசைப்பட்டதில் சாமான் பெருகிக்கொண்டே போனது. இதே வியாதி உள்ளவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். நான் எப்படித் தேறினேன் என்று சொல்கிறேன்.

தராசில் ஏறிய பை

கரையாம்புத்தூரில் ஒரு காதுகுத்து. விசேஷ நாள் என்றும் பாராமல் வியாபாரி வந்து நின்றதால், வீட்டுக்காரர் வாசலில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தார். நான் ஸ்கூட்டியிலிருந்து பையை இறக்கி, முதுகை நிமிர்த்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர், "அத்த இப்படி வை, பாக்கலாம்" என்று தராசைக் காட்டினார். நானும் விளையாட்டாக வைத்தேன். பதிமூன்று கிலோ.

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். சொல்லச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. இரண்டு டிஜிட்டல் கேமரா, அவற்றுக்கு ஐந்து லென்ஸ். வேறொரு கம்பெனியின் பழைய பிலிம் கேமரா, அதற்கு மட்டுமே பொருந்தும் மூன்று லென்ஸ். இரண்டு ப்ளாஷ். வெளிச்சம் அளக்கும் மீட்டர். நாலு வகை பிலிம் அடைத்த ஒரு டிபன் பாக்ஸ். எதற்கு எது என்று எனக்கே குழம்பும் நாலு சார்ஜர். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா, போட்டோ எடுக்க வந்தியா, இல்ல இங்கயே குடி வந்துட்டியா?"

கெட்டிமேளம்

அது சிரித்துவிட்டுப் போகும் விஷயம். இது அப்படி இல்லை. வில்லியனூரில் ஒரு மண்டபம். மணப்பெண்ணின் அக்கா பாரிஸிலிருந்து போன் செய்து, தாலி கட்டுவதைக் கறுப்பு வெள்ளை பிலிமிலும் எடுக்கச் சொல்லியிருந்தாள். கழுத்தில் பிலிம் கேமரா, கையில் ஒரு டிஜிட்டல், தோளில் நீண்ட லென்ஸ் மாட்டிய இன்னொரு டிஜிட்டல். தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காக வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறது என்று நினைத்து, கையில் இருந்த கேமராவுக்கு லென்ஸ் மாற்ற ஆரம்பித்தேன். பைக்குள் விட்ட கைக்கு வந்தது பிலிம் கேமராவின் லென்ஸ். பார்க்காமல் திருகிவிட்டேன். பாதி திரும்பிச் சிக்கிக்கொண்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அதற்குள் தட்டு மேடைக்குத் திரும்பி, கெட்டிமேளமும் முழங்கிவிட்டது. கழுத்தில் இருந்த பிலிம் கேமராவைத் தூக்கினேன்; ரோல் முடிந்திருந்தது. தோளில் இருந்ததைத் தூக்கினேன். மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டு அந்த லென்ஸில் எனக்குக் கிடைத்தது மாப்பிள்ளையின் காதும் பறக்கும் அட்சதையும்தான்.

வீடியோ எடுத்த அந்தோணியிடம் அந்தக் காட்சி இருந்தது. எட்டு வருஷமாக என்னோடு வேலைக்கு வருகிறவன். வீடியோவிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் கொடுத்தான். கொஞ்சம் கலங்கலாக இருந்தது. ஆல்பத்தில் போட்டேன். சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் ஆல்பத்தைக் கொடுக்கப் போன அன்று, பெண்ணின் அம்மா அந்தப் பக்கத்திலேயே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குத் தாங்கவில்லை. "இது நான் எடுத்தது இல்லம்மா, வீடியோல இருந்து எடுத்தது. நான் தவற விட்டுட்டேன்" என்றேன். அவர் கோபப்படவில்லை. பக்கத்தைத் திருப்பவும் இல்லை.

"சொல்லிட்ட, சரி. அதுக்காக எம் பொண்ணுக்கு இன்னொரு வாட்டி தாலி கட்டச் சொல்ல முடியாதும்மா."

சிவப்புச் சீட்டு

அந்த வாக்கியம் ஒரு வாரம் சோறு இறங்கவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாச் சாமானையும் கட்டிலில் பரப்பி உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் திருபுவனையில் ஒரு பேக்டரியில் சூப்பர்வைசர். "எங்க கம்பெனியில ஆறு மாசமா தொடாத சாமானுக்குச் சிவப்புச் சீட்டு கட்டுவோம். அப்புறம் அது வெளிய போயிடணும்" என்றார். சொன்னதோடு நிற்காமல், பிள்ளையின் கலர் பேப்பரைக் கத்தரித்து நூல் கோத்துக் கொடுத்துவிட்டார்.

கட்டிக்கொண்டே வந்தேன். நான் எதையெல்லாம் "என்றாவது ஆகும்" என்று வைத்திருந்தேனோ, எல்லாவற்றிலும் சிவப்பு தொங்கியது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். டிஜிட்டலும் பிலிமும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டும். ஒரே லென்ஸ் இரண்டிலும் மாட்ட வேண்டும். இருக்கிற டிஜிட்டலில் ஒன்று போதும். பழைய பிலிம் கேமராவை விட்டுவிட்டு, இந்த டிஜிட்டலின் கம்பெனியில் பழைய பிலிம் கேமரா ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். லென்ஸ் இரண்டே இரண்டு: கூட்டத்துக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று. ப்ளாஷ் ஒன்று. பிலிமும் ஒரே வகை. அந்த பிலிம் வெளிச்சத்தை வாங்கும் வேகம் என்னவோ அதையே டிஜிட்டலிலும் வைத்துக்கொண்டால், வெளிச்சத்துக்கு ஒரே கணக்கு; மீட்டரும் வேண்டாம். சொல்லி முடித்து நிமிர்ந்தபோது கட்டில் முழுக்கச் சிவப்பாக இருந்தது. ஓரத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருந்த அவர் காலை மடக்கிக்கொண்டார்.

"கையில இன்னும் ஒரு சீட்டு மிச்சம் இருக்கு போல, எம்மேல கட்டிடாத."

கம்பத்துக்காரர்

எல்லாம் போனது. நீண்ட லென்ஸை விடத்தான் மனசு வரவில்லை. வெள்ளை நிறம், கைக்குழந்தை கனம். அதை மாட்டிக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தால் வழிவிடுவார்கள். வாங்க வந்தவர் காட்டேரிக்குப்பத்துக்காரர், மின்துறையில் லைன்மேன். கல்யாணம் எடுக்கிறவர் இல்லை. "கம்பத்து மேல ஏறினா பறவைங்கல்லாம் என் பக்கத்துலயே உக்காந்திருக்கும் மேடம். அப்ப கையில கேமரா இருக்காது. கீழ எறங்கி கேமராவ எடுத்தா அதுங்க எங்கயோ இருக்கும்" என்றார். அதற்குத்தான் இந்த லென்ஸாம்.

என் போட்டோக் கடை வாசலில் நின்று சோதித்துப் பார்த்தார். எதிரே ஒயரில் ஒரு மீன்கொத்தி. நான் பத்து வருஷமாக அந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன், அந்த ஒயரில் மீன்கொத்தி வரும் என்றே எனக்குத் தெரியாது. எடுத்ததைக் காட்டினார். அதன் அலகு நுனியில் இருந்த ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தெரிந்தது. அவருடைய முகத்தைப் பார்த்ததும், இது சேர வேண்டிய இடத்துக்குத்தான் போகிறது என்று மனசு இளகியது. லென்ஸைத் துடைத்து, மூடி போட்டு, உறையில் வைத்து, இதை இப்படிப் பிடிக்கணும், மழையில் காட்டக் கூடாது, பூஞ்சை வரும் என்று எல்லாம் சொல்லி நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"மேடம், நீங்க கைய எடுத்தாதான் நான் கொண்டுபோக முடியும்."

இருட்டுப் பகல்

புது ஏற்பாடு முதல் மாசமே என்னைக் கவிழ்த்தது. நிச்சயம் முடிந்த ஒரு ஜோடியைப் பாகூர் ஏரிக்கரைக்கு அழைத்துப் போய், முகத்துக்கான லென்ஸைப் புதிதாக வாங்கிய பழைய பிலிம் கேமராவில் மாட்டி, முப்பத்தாறும் எடுத்தேன். லென்ஸ் அழகாகப் பொருந்தியது. நானும் பெருமையோடு அந்தோணியிடம் பேசிக்கொண்டே வந்தேன். ஆனால் அந்த லென்ஸ் டிஜிட்டலுக்கென்று பிறந்தது. ஒளி எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்று கையால் திருப்பி வைக்கும் வளையம் அதில் கிடையாது. அந்தப் பழைய கேமராவில் மாட்டினால், வாயை இறுக்க மூடிக்கொண்டுவிடும். இது எனக்குத் தெரியாமல் இல்லை. சாமான் குறைந்த சந்தோஷத்தில் மறந்துபோய்விட்டேன்.

கழுவக் கொடுத்த சென்னை லேபிலிருந்து போன் வந்தது. "நெகட்டிவ் கண்ணாடி மாதிரி இருக்கு மேடம், ஒண்ணுமே விழல. ராத்திரியில எடுத்தீங்களா?" என்றார். காலை பத்து மணி, நல்ல வெயில், ஏரிக்கரை என்றேன். பிறகு அந்த ஜோடியிடம் மன்னிப்புக் கேட்டு, மறுபடியும் கூட்டிப் போய் எடுத்ததும், வளையம் உள்ள பழைய லென்ஸாகப் பார்த்து மாற்றிக்கொண்டதும் தனிக்கதை. ஜோடிக்கு அதில் வருத்தமே இல்லை. வீட்டில் சொல்லிவிட்டு இன்னொரு நாள் சேர்ந்து வெளியே போகக் காரணம் கிடைத்தது. ஆனால் லேபுக்காரர் அன்று போனை வைப்பதற்கு முன் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"ஏன் மேடம், அன்னிக்கு ஏரிய தார்பாய் போட்டு மூடி வச்சிருந்தாங்களா?"

அஞ்சலை

இன்னொரு நாள் கரையாம்புத்தூர் வழியாகத் திரும்பும்போது நடவு வயலில் பெண்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் அஞ்சலை என்பவர் என்னைக் கூப்பிட்டார். அவர் மகள் கல்யாணத்தை எடுத்தது நான்தான். "எல்லாரையும் எடுக்கற, என்னையும் ஒண்ணு எடு" என்றார். சேற்றுக் காலோடு, தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, நேராக என்னைப் பார்த்தார். பிலிமில் நாலு மிச்சம் இருந்தது. ஒன்று எடுத்தேன். உடனே கையை நீட்டி, "குடு, பாக்கறேன்" என்றார். கேமராவின் பின்பக்கத்தைக் காட்டினேன். வெறும் கறுப்புத் தகடு. இதில் பார்க்க முடியாது, கழுவி வர ஒரு மாசம் ஆகும் என்றேன். "அப்ப இத்த இன்னாத்துக்குத் தூக்கினு அலையற?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். டிஜிட்டலில் ஒன்று எடுத்துக் காட்டினேன். பார்த்துவிட்டு முந்தானையைச் சரி செய்துகொண்டு, தலையைக் கோதிக்கொண்டு, மறுபடி எடுக்கச் சொன்னார். மறுபடி, மறுபடி. ஏழு எடுத்தேன். ஏழிலும் குறை கண்டுபிடித்தார்.

ஒரு மாசம் கழித்து அந்த ஒற்றை பிலிம் படத்தைப் பெரிதாகப் போட்டு எடுத்துப் போனேன். வெயில், தூக்குவாளி, கொஞ்சமும் தயாராகாத அந்த முகம். நான் எடுத்ததில் நன்றாக வந்தவை என்று விரல் விட்டு எண்ணினால் அதற்கும் ஒரு விரல் உண்டு. அவர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"ஒரு மாசம் கழிச்சி வந்தாலும் நானேதான் வந்திருக்கேன் பாரு, வேற யாரையும் கூட்டினு வரல."

பெரிய பை

சாமான் குறைந்ததில் எனக்கு நிம்மதி; வாடிக்கையாளர்களுக்குச் சந்தேகம். வில்லியனூரில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஒருவர் மகள் நிச்சயதார்த்தத்துக்குச் சொல்லியிருந்தார். தோளில் ஒரு சின்னத் துணிப்பையோடு போய் இறங்கினேன். அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "மீதி சாமான் வேன்ல வருதா?" என்றார். இவ்வளவுதான் என்றேன். அவருடைய முகம் சுருங்கியது. போன வருஷம் அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு ஆறு பேர் வந்தார்களாம், ட்ரோன்கூடப் பறந்ததாம். அது தாழப் பறந்ததில் பந்தியில் இலையெல்லாம் எழுந்து சாம்பார் மேலே தெறித்தது என்பதையும் அவரே சொன்னார். ஆனாலும் பறந்தது.

முன்பு எடுத்த படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். படங்கள் பிடித்திருந்தன, அது நன்றாகவே தெரிந்தது. இருந்தாலும் கண் மறுபடி மறுபடி துணிப்பைக்கே போனது. கடைசியில் என்னையும் அந்தோணியையும் ஓரமாக அழைத்துப் போனார். நாங்கள் வேலையே கைவிட்டுப் போகிறது என்று பயந்தோம். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அன்று மாலை வரை, அவர்கள் வீட்டு வெளிநாட்டுச் சூட்கேஸ் ஒன்றை, உள்ளே ஒன்றுமில்லாமல், அந்தோணி என் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்தான்.

"நீ எப்படி வேணா எடும்மா, எனக்கு நம்பிக்க இருக்கு, ஆனா நாலு சம்பந்தி வூட்டு ஆளுங்க பாக்கறப்ப நம்ம ஆளு பின்னாடி பெருசா ஒரு பொட்டி வரணும்."

பதினொன்று

வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தில் ஒரு சின்ன ஊர். ஸ்டெல்லா என்ற பெண்ணின் முதல் குழந்தைக்கு ஞானஸ்நானம். கணவர் துபாயில் கிரேன் ஓட்டுகிறவர். மறுநாள் காலை விமானம். மாதா கோயிலுக்குள் எல்லோரும் கூடியதும் நாலைந்து படம் எடுத்தேன். டிஜிட்டல் கேமரா 'ட்டக்' என்று ஒரு சத்தம் போட்டது. திரை கறுத்தது. பேட்டரியை மாற்றினேன், கார்டை மாற்றினேன், ஊதிக்கூடப் பார்த்தேன். ஷட்டர் போய்விட்டது. இரண்டாவது டிஜிட்டலை ஏன் விட்டோம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். (அதன் பிறகு பழசாக ஒன்றை வாங்கிக் கடையில் வைத்துக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.) அன்று அந்தோணியும் வரவில்லை. பிலிம் கேமராவின் எண்ணைப் பார்த்தேன். இருபத்தைந்து. மாற்று ரோலை வீட்டு மேஜை மேல் வைத்துவிட்டு வந்திருந்தேன். மீதி பதினொன்று.

ஸ்டெல்லாவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவள் கண் கலங்கியது. பிறகு குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள். தண்ணீர் ஊற்றும்போது இரண்டு. மெழுகுவர்த்திக்கு ஒன்று. அப்பா கையில் குழந்தை, அதற்கு மூன்று. இரண்டு பக்கத்துப் பெற்றோருக்கு இரண்டு. குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானப் பெற்றோருக்கு ஒன்று. அவளும் குழந்தையும் மட்டும் ஒன்று. செத்துப்போன டிஜிட்டலின் லென்ஸும் இதில் மாட்டும் என்பதால் இரண்டு லென்ஸும் கையில் இருந்தன. ஜன்னல் வெளிச்சம் போதும். ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். குழந்தை தண்ணீர் பட்டதும் அழாமல் கொட்டாவி விட்டது. அது இரண்டாவதில் விழுந்தது.

கடைசி ஒன்று, மொத்தக் குடும்பத்துக்கு. வெளியே படிக்கட்டில் எல்லோரையும் நிறுத்தினேன். ஸ்டெல்லாவின் அண்ணன் குடும்பம் மட்டும் வேப்பமரத்தடியில் தனியாக நின்றது. வேலித் தகராறில் மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லையாம். அழைப்புக்கு மரியாதை கொடுத்து வந்திருந்தார்கள், அவ்வளவுதான். வேறு நாளாக இருந்தால் இவர்களோடு ஒரு படம், அவர்களோடு ஒரு படம் என்று எடுத்துக் கொடுத்து நானும் அந்தச் சண்டைக்கு என்னால் ஆன உதவியைச் செய்திருப்பேன். அன்று முடியாது. "ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது" என்று சத்தமாகச் சொன்னேன். யாரும் அசையவில்லை. ஸ்டெல்லாவின் கணவர் குழந்தையோடு படியிறங்கிப் போய், அதை மைத்துனர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து தன் இடத்தில் நின்றுகொண்டார். குழந்தை அங்கே, படம் இங்கே. வேறு வழியில்லாமல் அண்ணன் குழந்தையோடு படியேறினார். அவர் மனைவி மட்டும் ஓரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். பதினொன்றில் பத்து நன்றாக வந்தது. அந்தக் கடைசிப் படத்தில் எல்லோரும் ஒருபக்கமாகத் திரும்பிச் சிரிக்கிறார்கள். காரணம், நான் அழுத்துவதற்கு அரை நொடி முன்பு ஸ்டெல்லா அண்ணன் மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே கத்தியதுதான்.

"அண்ணி, தள்ளி நிக்காதீங்க, இதுக்கப்புறம் பிலிம் இல்லியாம்!"

இன்றைக்கு என் பையில் ஒரு டிஜிட்டல், ஒரு பிலிம், இரண்டு லென்ஸ், ஒரு ப்ளாஷ், அவ்வளவுதான். மூன்றாவதாக ஒரு லென்ஸ் இருந்தால் என்ன என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருப்பதை, படித்தவர்கள் தயவுசெய்து என் வீட்டுக்காரரிடம் சொல்லாமல் இருந்தால் போதும்.